சாதியைச் சான்றிதழாக நீட்டிய வழக்கு

தோழர்களே, அமெரிக்காவில் குடியேறுகிறவர்கள் அந்நாட்டுப் பண்பாட்டில் கரைந்துவிட வேண்டுமா என்று காலையிலிருந்து பேசுகிறோம். நான் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

பகத் சிங் திந்த். நம் பகத்சிங் அல்ல, வேறொருவர். சீக்கியர், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே அன்று குடியுரிமை. அந்தச் சட்டமே அநீதி என்று அவர் தரப்பு வாதிடவில்லை. 'நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன்' என்றது. கறுப்பரோடு மண உறவை வெள்ளையர் எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படித்தான் பூர்வகுடிகளோடு மண உறவை உயர்சாதியார் பார்க்கிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தது. சாதிவெறியே தகுதிச் சான்றிதழ்!

1923இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஐரோப்பியரின் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள், உங்கள் பிள்ளைகளிடம் பூர்வீகத்தின் அடையாளம் மறையாது என்றது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தார்கள். அதுவும் இனவெறிதான், எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

நூறாண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் இதற்கான மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்தார். எதிர்த்தவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

விசாவுக்குக் காத்திருக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே நம்மூர்க்காரர் ஒருவர் அன்பாக முதுகைத் தட்டினால், கை பூணூலைத் தேடுகிறதா என்று பாருங்கள்.