உடைமைச் சொல்லைத் தவிர்த்த மொழி



நாளேடுகளில் ‘அராஜகம்’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் கலவரச் செய்திகளில்தான் காண்கிறோம். அச்சொல்லின் வேர்ப்பொருளோ அரசன் இல்லாத நிலை என்பது மட்டுமே. கிரேக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற ‘அனார்க்கி’ என்னும் சொல்லுக்கும் ஆள்வோர் இல்லாமை என்பதே முதற்பொருள். ஆள்வோர் இல்லையெனில் ஒழுங்கும் இல்லை என்று முடிவு கட்டிய பிறகே இரு சொற்களும் வசைச்சொற்களாயின. அம்முடிவை ஏற்காதோரின் கொள்கையை இன்று ‘அரசின்மை’ எனக் குறிப்போம். மேலிருந்து வரும் கட்டளையின்றியும் மக்கள் தம்முள் ஒத்துதவி வாழ இயலும் என்பது அவர்தம் நம்பிக்கை. உருசியச் சிந்தனையாளர் குரோப்போட்கின், பரஸ்பர உதவியைப் பற்றி 1902இல் வெளியிட்ட நூலில், விலங்குகளின் வாழ்விலிருந்து இடைக்கால நகரங்கள் வரை அதற்குச் சான்றுகளைத் திரட்டினார்.

குரோப்போட்கின் கூறியவாறே ஒரு நாடு அமைந்தால் அதன் மக்கள் எப்படிப் பேசுவர்? இவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். இவருடைய தந்தையார் ஆல்பிரட் குரோபர், கலிபோர்னியப் பழங்குடியினரின் பண்பாட்டையும் மொழிகளையும் ஆராய்ந்த மானிடவியலறிஞர். மகளின் கற்பனையில் மொழிக்குத் தனியிடம் இருப்பதில் வியப்பில்லை. அவர் 1974இல் வெளியிட்ட ‘தி டிஸ்பொசஸ்ட்’ என்னும் நாவல் ஹியூகோ, நெபியுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது.

நாவலில் வரும் கற்பனை வரலாறு இது. உராஸ் என்னும் செழிப்பான உலகில் ஓடோ என்னும் பெண்மணி அரசையும் தனியுடைமையையும் எதிர்த்து எழுதுகிறார். ஒன்பது ஆண்டுகள் சிறையில் கிடக்கிறார். அவருடைய எழுத்துகளைப் பின்பற்றி ஓர் இயக்கம் எழுகிறது. அதை ஒடுக்கவும் இயலாமல் பொறுக்கவும் இயலாமல் தவித்த அரசுகள், அனாரெஸ் என்னும் வறண்ட துணைக்கோளை அவ்வியக்கத்தாருக்குக் கொடுத்துக் கைகழுவுகின்றன. ஓடோ அம்மண்ணைக் காணாமலே இறந்துவிடுகிறார். நாவல் தொடங்கும்போது குடியேற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இவ்வியக்கத்தைக் கட்சி எனலாமா? ஆட்சியைப் பிடிக்க விரும்பாத கூட்டத்தைக் கட்சி என அழைக்க நமக்குத் தயக்கமாகவே உள்ளது. மெய்யான வரலாற்றிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. ஸ்பெயினில் 1936 நவம்பரில் அரசின்மை இயக்கத்தார் நால்வர் அமைச்சர்களாகப் பொறுப்பேற்றபோது, அவர்தம் தோழர் பலர் அதைக் கொள்கைத் துரோகமென்றே கண்டித்தனர். அனாரெஸில் அமைச்சரே இல்லை. உற்பத்தியையும் பகிர்மானத்தையும் ஒருங்கிணைக்கும் குழு மட்டும் உண்டு.

இனி மொழிக்கு வருவோம். குடியேறியோர் பழைய மொழிகளை விட்டுப் ‘பிராவிக்’ என்னும் புதுமொழியைப் பேசினர். அது திட்டமிட்டு ஆக்கப்பட்டது. வேலைக்கும் விளையாட்டுக்கும் அதில் ஒரே சொல். உடைமை குறிக்கும் சுட்டுப்பெயர்கள் அழுத்தத்திற்கு மட்டுமே வரும். இயல்பான வழக்கில் அவற்றைத் தவிர்ப்பர். சிறு குழந்தை ‘என் தாய்’ என்னும். வளர வளரத் ‘தாய்’ என்று மட்டும் சொல்லப் பழகிவிடும். ‘இது என்னுடையது’ என்பதற்கு மாறாக ‘இதை நான் பயன்படுத்துகிறேன்’ என்பர். கை வலித்தால்கூட ‘என் கை’ என்பதில்லை. கை எனக்கு நோவு தருகிறது என்பதே அவர்கள் வழக்கு.

ஆங்கில வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றும். தமிழருக்கோ வீட்டுப் பேச்சுப் போல இருக்கிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றுதானே நாம் சொல்கிறோம்? ‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினைக்கு நேரான சொல் நம்மிடம் இல்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என நான்காம் வேற்றுமையைக் கொண்டே உறவைச் சொல்கிறோம். ஒற்றைப் பிள்ளையும் ‘எங்கள் அம்மா’ என்றே பன்மையில் பேசுகிறது. எனினும் அந்த ‘எங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும் பன்மை என்பதையும் மறத்தலாகாது.

நன்னூல் ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பிரிக்கும். சாத்தனது கை என்பது முன்னது. சாத்தனது பசு என்பது பின்னது. பசு விலைபோகும், கை போகாது. பிராவிக் மொழியை ஆக்கியோர் பிறிதின்கிழமையோடு நில்லாமல் தற்கிழமையிலும் கை வைத்துவிட்டனர். இது மிகை என்பதே நம் கருத்து. இலக்கணத்தில் உடைமை மெலிந்திருப்பதனால் மனத்திலும் அது மெலிந்துவிடுமென்றால், பாகப்பிரிவினைக்காகத் தமிழர் எவரும் நீதிமன்றப் படியேறியிருக்க மாட்டார்.

சொல்லைத் திருத்தினால் மனம் திருந்தும் என்பது சொல்லாக்கத்தில் ஈடுபட்ட நம்மைப் போன்றோர்க்கு இனிக்கும் செய்தி. லெ குவின் அச்செய்தியை நமக்குத் தரவில்லை. அரசில்லாத அனாரெஸிலும் அதிகாரம் முளைக்கிறது. இயற்பியலறிஞன் ஷெவெக்கின் ஆய்வு அச்சேற வேண்டுமாயின் மூத்தவரான சபுலின் பெயரும் அதில் சேர வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நடைமுறை அப்படி. சபுல் உராஸின் அயோதிய மொழியைக் கற்றவர். அங்கிருந்து வரும் நூல்களைத் தம் கையில் வைத்திருக்கிறார். ஷெவெக்கை அம்மொழி கற்குமாறு தூண்டும்போதே, நூல்களைப் பிறரிடம் காட்டலாகாது என்றும் பணிக்கிறார். எதையும் உடைமையாக்காத நாட்டில் ஒருவர் ஒரு மொழியையே உடைமையாக்கிக்கொள்கிறார்! ஷெவெக்கின் நண்பன் டிரின் எழுதிய அங்கத நாடகத்தை ஊரார் வெறுக்கின்றனர். காவலர் எவரும் அவனைப் பிடிக்கவில்லை, பொதுக்கருத்தே அவனை நொறுக்கி மனநலக் காப்பகத்தில் சேர்க்கிறது.

ஆசிரியராகிய நம்மை மிகவும் உறுத்துவது ஒரு வகுப்பறைக் காட்சி. சிறுவன் ஷெவெக் பேசுதல், கேட்டல் பயிற்சிக் குழுவில் அமர்ந்திருக்கிறான். தன் முறை வந்ததும் தான் கண்டறிந்ததைச் சொல்கிறான்: மரத்தை நோக்கி எறிந்த கல் முதலில் பாதித் தொலைவைக் கடக்க வேண்டும், பிறகு எஞ்சியதில் பாதியை, மீண்டும் அதில் பாதியை, ஆகவே கல் மரத்தைச் சென்றடையவே இயலாது. கிரேக்க மெய்யியலார் ஸீனோ எழுப்பிய புதிர் இது. சிறுவனோ எவரும் சொல்லித்தராமல் தானே அதைக் கண்டான். பிற பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நெறியாளர் அவனைக் கடிந்துகொள்கிறார்: பேச்சு என்பது பகிர்தல், நீ பகிரவில்லை, உன்னையே முன்னிறுத்துகிறாய். அவனைக் குழுவிலிருந்து வெளியேற்றுகிறார்.

அந்நெறியாளர் பயன்படுத்திய சொற்களில் ஒன்றுகூடத் தவறன்று. எல்லாம் ஓடோவின் வழிவந்த தூய சொற்களே. பகிர்தலைக் கற்பிக்க வந்த மொழி, பகிர வந்த சிறுவனின் வாயை அடைக்கிறது. நம் வகுப்புகளிலும் மாணவர் ஒருவர் எழுந்து, தட்டுத்தடுமாறி, ஆங்கிலம் கலந்து, தமக்கு மட்டுமே தோன்றிய ஒன்றைச் சொல்ல முயல்கிறார். ‘முதலில் தமிழில் சொல்’ என்று நாமும் அமர்த்திவிடுகிறோம். அவர் சொல்ல வந்தது என்னவென்று பின்னர் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கல்லும் மரமும் பற்றிய வினாவோடு வெளியேறிய அச்சிறுவன் வளர்ந்து, காலத்தைப் பற்றிய ஆய்வையே தன் வாழ்நாள் பணியாகக் கொண்டான்.