கூப்பிட்டாங்க சரி, கேட்டாங்களா?



இன்றைய எபிசோடை ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம்ம அரசு ஆவணங்களில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. வெளி உலகத்தைப் பற்றிய நினைப்பே இல்லாதவர்கள் என்று அர்த்தம் வருது, இல்லையா? ஆனால் ஆட்டிசம் உள்ள பலர் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது இதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். வெளி உலகம் அவர்களுக்குள் அளவுக்கு மீறி வந்து கொட்டுகிறது. ட்யூப் லைட்டின் ரீங்காரம், மிக்ஸி சத்தம், பக்கத்தில் நிற்பவரின் சென்ட் வாசனை, சட்டைக் காலரில் குத்துகிற லேபிள், எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வால்யூமில். அதைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்கிற ஒருவரைப் பார்த்து, 'இவருக்கு வெளி உலகமே தெரியல' என்று பெயர் வைத்தால் எப்படி?

வெளியே நின்று பார்க்கிறவர் பார்வையில் பிறந்த பெயர் அது. பெயரே இப்படின்னா, சேவைகள் எப்படி இருக்கும்? அதைத்தான் இன்றைக்குப் பேசப்போறோம். தெரபி மையம், சிறப்புப் பள்ளி, பகல்நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி, அடையாள அட்டை முகாம். இதெல்லாம் எங்கே இருக்கணும், எத்தனை மணிக்குத் திறக்கணும், உள்ளே என்ன நடக்கணும்? இதை முடிவு செய்கிற மேசையில் ஆட்டிசம் உள்ளவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தினரும் இருக்கிறார்களா?

காகிதத்தில் பார்த்தால் இருக்கணும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது. இந்தியா 2007-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 4-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது: மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கிற முடிவுகளை எடுக்கும்போது, அவர்களைக் கலந்து பேசி, அந்த வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளும் இதில் அடக்கம்.

அதற்கும் முன்பே இந்தியாவில் ஆட்டிசத்தின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு சட்டம் வந்துவிட்டது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. இந்தச் சட்டப்படி உள்ளூர் அளவில் ஒரு குழு இருக்கும். அதில் 3 பேர்: கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

'அட, நல்லாத்தானே இருக்கு'ன்னு தோணும். இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் குழுவில் உட்காரும் 'மாற்றுத்திறனாளி' யார் என்பதற்கு, இந்தச் சட்டம் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் இருந்தது 7 வகை. ஆட்டிசம் அதில் இல்லை! அதாவது, ஆட்டிசத்துக்காகவே போட்ட சட்டத்தில், அந்த ஒற்றை நாற்காலிக்கான பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016-இல் புதிய உரிமைகள் சட்டம் வந்து, வகைகள் 21 ஆனபோதுதான் ஆட்டிசமும் அந்தப் பட்டியலில் ஏறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆட்டிசத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை. எண்ணாத ஆளை யார் கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க?

சரி, அந்தக் குழு அப்படி என்ன பெரிய முடிவு எடுக்குது? 18 வயது கடந்தவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். ஒருவரின் பராமரிப்பையும் சொத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்கிற முடிவு. ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கு? 2016 சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. அது சொல்கிற மட்டுப்படுத்தப்பட்ட பாதுகாவல் என்பது, பாதுகாவலரும் அந்த நபரும் பரஸ்பர நம்பிக்கையோடு சேர்ந்து முடிவெடுப்பது. 'உனக்காக நான் முடிவு பண்றேன்' என்பதற்கும் 'வா, சேர்ந்து முடிவு பண்ணலாம்' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம், பாருங்க.

இங்கே பெற்றோர்களைப் பற்றிப் பேசியே ஆகணும். இந்தியாவில் ஆட்டிசத்துக்கென்று இருக்கிற பல அமைப்புகளைப் பெற்றோர்தான் உருவாக்கினார்கள். டெல்லியில் 1991-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை ஆரம்பித்த மெரி பருவா, ஆட்டிசம் உள்ள மகனின் தாய். சேவையே இல்லாத இடத்தில் தாங்களே ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, நாலு பாயைப் போட்டு ஆரம்பித்த அம்மாக்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 'எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?' என்ற கேள்வியோடுதான் அவர்கள் ராத்திரி தூங்கப் போகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

ஆனால் அம்மாவைக் கேட்டால் மகனைக் கேட்ட மாதிரி ஆகுமா? ஆகாது. 1993-இல் டொரன்டோவில் நடந்த ஒரு ஆட்டிசம் மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை கிடைக்கவில்லை என்ற துக்கம் உங்களுடையது, அதை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள், எங்களை நாங்களாகவே பாருங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். கேட்ட பெற்றோருக்கு வலித்திருக்கலாம். ஆனால் அது அவர்கள் கேட்க வேண்டிய குரல்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஒரு பகல்நேர மையத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. கேட்டைப் பூட்டணுமா, வேண்டாமா என்று பேச்சு. ஒரு அம்மா சொல்கிறார்: 'பூட்டியே ஆகணும். என் பையன் கண் இமைக்கிற நேரத்துல ரோட்டுக்கு ஓடிடுவான்.' நியாயம்தானே? ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞர் சொல்கிறார்: 'பூட்டின இடத்துல எனக்கு மூச்சு முட்டும். வெளியே போக முடியாதுன்னு தெரிஞ்சாலே போதும், நான் கத்த ஆரம்பிச்சிடுவேன்.' இதுவும் நியாயம். அம்மாவை மட்டும் கேட்டிருந்தால் பூட்டு வந்திருக்கும். இளைஞரை மட்டும் கேட்டிருந்தால் ஒரு குழந்தை சாலையில் நின்றிருக்கும். ரெண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தால் அடுத்த கேள்வி வரும்: 'அவன் எதுக்கு ஓடுறான்?' சத்தம் தாங்க முடியாமல் ஓடுகிறான் என்றால், உள்ளேயே ஓர் அமைதியான அறை வேண்டும். காம்பவுண்டைச் சுற்றி வேலி இருக்கட்டும், ஆனால் அறைக் கதவுகள் திறந்தே இருக்கட்டும். இந்த மூன்றாவது வழி, இரண்டு பேரும் பேசியதால் மட்டுமே பிறக்கிற வழி.

சரி, 'நாங்களும் கூட்டம் போட்டோமே, கூப்பிட்டோமே' என்று சொல்கிற அலுவலகங்கள் உண்டு. கூப்பிடுவதிலும் பல படிகள் இருக்கு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை அவர் 8 படி உள்ள ஏணியாகக் காட்டினார். அடியில் இருக்கிற 2 படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. முதல் படி, மக்களை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது. இரண்டாவது படிக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? தெரபி! கருத்துக் கேட்கிறோம் என்று கூட்டிவந்து, வந்தவர்களையே சரிசெய்யப் பார்ப்பது. ஆட்டிசம் உலகத்தில் இது எவ்வளவு பழக்கமான காட்சி! நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, கமிட்டியில் ஒரு நாற்காலி கொடுத்துச் சமாதானப்படுத்துவது. முடிவில் உண்மையான பங்கு கிடைப்பது 6-ஆவது படியிலிருந்துதான். நம்ம ஊர்க் கூட்டங்கள் எந்தப் படியில் நிற்குதுன்னு நீங்களே மார்க் போட்டுக்கோங்க.

இதில் இன்னொரு சிக்கல். ஆட்டிசம் உள்ளவர்களுக்குத்தான் தொடர்புகொள்வதில் குறை என்று நாம் நினைக்கிறோம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். அவர்களுக்கு நம் முகக்குறிப்பு புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களுடையது புரியவில்லை. அப்படியானால் மாற வேண்டியது அவர்கள் மட்டும் இல்லை, நாம் கூட்டம் நடத்துகிற விதமும்தான்.

அது ஒன்றும் பெரிய செலவு இல்லைங்க. என்ன பேசப்போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்பே எளிய தமிழில், படங்களோடு அனுப்பலாம். பதிலை எழுதியோ வாட்ஸ்அப்பில் டைப் செய்தோ கொடுக்கலாம் என்று சொல்லலாம். மைக், கைதட்டல், சால்வை போடுவது இதையெல்லாம் தவிர்க்கலாம். நடுவில் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று முதலிலேயே அறிவிக்கலாம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று யாரையும் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம்.

பராமரிப்பவர்களுக்கும் இதே மாதிரிதான். புதன்கிழமை காலை 11 மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம் என்றால், தினக்கூலிக்குப் போகிற அம்மா எப்படி வருவார்? வந்தால் வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பார்? அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிற, ஆங்கிலம் பேசுகிற பெற்றோர் மட்டும்தான் எல்லாருக்காகவும் பேசுவார்கள்.

பேசவே பேசாதவர்களை எப்படிக் கேட்பது? அவர்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு அறையின் படத்தைக் காட்டினால் ஒன்றைத் தொடுவார்கள். ஒரு குறிப்பிட்ட மையத்தின் வாசலுக்கு வந்ததும் கால் நகராமல் நின்றுவிடுகிற பிள்ளை, அந்த மையத்தைப் பற்றி விமர்சனம் எழுதுகிறது. நாம்தான் அதை 'அடம்' என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

வேறு நாட்டில் எப்படின்னு கேட்டால், இங்கிலாந்தில் 2009-இல் ஆட்டிசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் அரசு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும், உள்ளூர் கவுன்சில்களும் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பும் அதைப் பின்பற்ற வேண்டும். பல ஊர்களில் 'ஆட்டிசம் பார்ட்னர்ஷிப் போர்டு' என்ற குழுக்கள் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், குடும்பத்தினர், அதிகாரிகள் ஒன்றாக உட்காருகிறார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஆட்டிசம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் பரிசோதனைக்கே அங்கே பலர் இன்றும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குழுவில் பேசுவது ஒன்று, அந்தப் பேச்சுக்குப் பணமும் ஆளும் ஒதுக்குவது இன்னொன்று. நமக்கும் அது பாடம்.

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க, 2025-இல் சட்டமன்றத்தில் சட்டத் திருத்தங்கள் நிறைவேறின. கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை. இது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவு வழியாக யார் உள்ளே போவார்கள்? மேடையில் சரளமாகப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுப்பது எல்லாருக்கும் சுலபம். டைப் செய்து பேசுகிற, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற ஒரு ஆட்டிசம் உள்ள பெண் அந்த நாற்காலிக்கு வர முடியுமா? வந்தால் மற்ற உறுப்பினர்கள் அவர் டைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருப்பாங்களா? அந்தப் பொறுமைதான் இந்தச் சட்டத்துக்கான உண்மையான பரீட்சை.

நாம என்ன பண்ணலாம்? ஒன்று, உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரணும். மூன்றே கேள்வி: எங்கள் மாவட்டத்தில் தேசிய அறக்கட்டளையின் உள்ளூர்க் குழு இருக்கிறதா? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை கூடியது? அதில் இருக்கும் மாற்றுத்திறனாளி உறுப்பினர் எந்த வகையைச் சேர்ந்தவர்? தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

இரண்டு, உங்கள் வார்டில் பகுதி சபை கூடினால் போங்க. தெரிந்த குடும்பம் இருந்தால் கூட்டிட்டுப் போங்க. அவங்க வர முடியலைன்னா, அவங்க எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிங்க, உங்க வார்த்தையில் மாற்றாமல்.

மூன்று, கருத்துக் கேட்டவர்களிடம் திரும்பக் கேளுங்க: 'நாங்க சொன்னதில் எதைச் செஞ்சீங்க, எதைச் செய்யலை, ஏன்?' இந்தப் பதில் எழுத்தில் வரும்வரை கூட்டம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள நண்பர்கள் இதைக் கேட்டுக்கிட்டு இருந்தால், உங்க ஊர்ச் சேவையில் முதலில் மாற வேண்டியது எது என்று எங்களுக்கு எழுதுங்க. ஒரு வரி போதும், படமா அனுப்பினாலும் சரி. உங்களுக்கு எப்போ முடியுதோ அப்போ அனுப்புங்க, அவசரமே இல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.