கணிப்பொறி ஆங்கிலம் அறியாது!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துத் தமிழிளைஞர்களே!

வலைப்பக்கம் அமைத்தலையும் கணிப்பொறி வலையமைப்பையும் தமிழ்நாட்டரசின் 11, 12ஆம் வகுப்புக் கணிப்பொறிப் பயன்பாட்டு நூல்கள் தமிழிலேயே கற்பிக்கின்றன. கல்லூரி வாயிலை மிதித்ததும் அதே கல்வி ஆங்கிலமாகி விடுகின்றது! நேற்றுவரை விளங்கிக் கற்றவன் இன்று உருப்போடுகின்றான்.

கணிப்பொறி அறிந்தது ஆங்கிலமன்று, எண்ணே! 1991 முதல் தமிழுக்கும் இடந்தந்துள்ள ஒருங்குறியில், ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்து 65. நம் அகரம் 2949. இரண்டையும் வலையமைப்பு ஒன்றுபோலவே சுமந்து செல்கின்றது.

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. ஆயினும் அவை சிலவே. அவற்றை உள்ளவாறே எழுதுங்கள். அவை ஏன், எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தமிழில் எண்ணுங்கள், தமிழில் வினவுங்கள்!

ஆசிரியப் பெருமக்களே! பள்ளியில் பிறந்த அருந்தமிழ்ச் சொற்களைக் கல்லூரி வாயிலில் மடியவிடலாமா? வகுப்பில் வழங்குங்கள், அவை வாழும், நம் பிள்ளைகளும் தெளிவர்!