சொத்தைக் கடலை மாட்டுக்கும் வேண்டாம்

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

குழுக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினேன். அந்த வருஷம் கடலை பிடுங்கற நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. சரியாக் காயாததைச் சாக்குல கட்டி வச்சோம். பிரிச்சா, பாதி பூஞ்சை. நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு, சொத்தையை வீணாக்க மனசில்லாம இடிச்சு மாட்டுக்கு வச்சேன். கொஞ்ச நாள்ல மாடு தீனி எடுக்கல, பாலும் குறைஞ்சது. கால்நடை மருத்துவர் தீவனத்தை முகர்ந்து பார்த்துட்டு, "இந்தப் பாலை வீட்ல யாரும்மா குடிக்கிறாங்க?"ன்னு கேட்டார். என் பேத்திக்கு அப்போ ரெண்டு வயசு.

அந்தப் பூஞ்சை உண்டாக்கும் விஷத்துக்குப் பேர் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தேடினப்போதான், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் இதைக் கண்டுபிடிச்சாங்க. நாளாவட்டத்தில் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். மாடு தின்றால் பாலில் இறங்கும். வறுத்தாலும், பாலைக் காய்ச்சினாலும் முழுசாப் போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு சட்டம். ஒரு கிராமை பத்து லட்சமாப் பங்கு போட்டா, அதில் பாதிப் பங்கு! கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சை தெரியாத கடலையிலும் விஷம் இருக்கலாம். பரிசோதனைதான் வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் தீவனத்தைச் சோதிக்கிறாங்க. ஒரே கைப்பிடியை அனுப்பாதீங்க; எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடின்னு எடுத்துக் கலந்து அனுப்புங்க.

அதைவிட, வராமல் காப்பது நம்ம கையில இருக்கு. குலுக்கினா உள்ளே பருப்பு கலகலன்னு சத்தம் கேட்கற வரைக்கும் காய வைங்க. தோல் உடைக்கச் சுலபமா இருக்கும்னு தண்ணி தெளிக்காதீங்க. மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல அடுக்குங்க.

கழிச்ச சொத்தையை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீங்க, செக்குக்கும் அனுப்பாதீங்க. எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். மீதி புண்ணாக்காத் திரும்ப நம்ம தொட்டிக்கே வரும். குழி வெட்டிப் புதைச்சுடுங்க.

நான் அந்தத் தீவனத்தை அன்னிக்கே நிறுத்தினேன். மருத்துவர் சொன்ன வரைக்கும் பாலைக் கொட்டினேன். கொட்டும்போது வயிறு எரிஞ்சது. ஆனா குழுக் கணக்கு நோட்டில் அதை நஷ்டம்னு எழுத எனக்கு வெட்கமில்லை. நீங்களும் எழுதுங்க. அந்த நஷ்டம் நோட்டோட போகட்டும், பிள்ளைங்க வயித்துக்குள்ள போக வேண்டாம்.