எண்ணாயிரத்து நெல்லும் இருநிலை எண்ணும்



திண்டிவனத்தில் பதிவான வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 16 என்று இருக்கும். விழுப்புரத்து வண்டி என்றால் டி.என். 32. ஒன்று மற்றொன்றின் சரியான இரண்டு மடங்கு. இது தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும் ஒன்றையும் பூஜ்யத்தையும் மட்டும் கொண்ட இருநிலை எண் முறையைப் பற்றி விழுப்புரம் மாவட்டத்து நேயர்களிடம் பேச இதைவிட வசதியான தொடக்கம் கிடைக்காது. கணினியின் கணக்கில் பதினாறு என்றால் ஒன்றும் அதன் பின்னால் நான்கு பூஜ்யமும். முப்பத்திரண்டு என்றால் ஒன்றும் ஐந்து பூஜ்யமும். நாம் பத்தால் பெருக்கும்போது கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்க்கிறோம் அல்லவா? அங்கே இரண்டால் பெருக்கினாலே ஒரு பூஜ்யம் சேர்ந்துவிடும்.

பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு எண் முறைகள் பாடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பதின்ம எண்ணை இருநிலை எண்ணாக மாற்ற அவர்கள் மனப்பாடம் செய்யும் வழி இது: இரண்டால் வகு, மீதியை எழுது, திரும்பவும் வகு, கடைசியில் மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படி. விடை சரியாக வரும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஏன் கீழிருந்து மேலாகப் படிக்கிறோம் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். அந்த 'ஏன்'தான் பாடத்தின் உயிர். அதற்கான பதில் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு கோயில் கல்வெட்டில் இருக்கிறது.

விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நடந்தது. கல்வெட்டுத் துறையினர் 1917-ல் அந்தச் சாசனத்தைப் பதிவு செய்தார்கள். மாணவர்கள் 340 பேர்: வேதமும் இலக்கணத் தொடக்கமும் படித்த இளையவர்கள் 270, வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படித்த மூத்தவர்கள் 70. ஆசிரியர்கள் 14. ஒவ்வொருவருக்கும் தினப்படி நெல். இளைய மாணவருக்கு ஆறு நாழி. மூத்த மாணவருக்குக் குறுணி இருநாழி.

எட்டு நாழி ஒரு குறுணி. ஆகவே குறுணி இருநாழி என்பது பத்து நாழி. இந்தப் பத்தைத்தான் சாசனம் எட்டும் இரண்டுமாகப் பிரித்துச் சொல்கிறது.

நம் பழைய முகத்தலளவை பெரும்பாலும் இரட்டிப்பாகவே வளர்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியை மூன்று முறை இரட்டித்தால், இரண்டு, நான்கு, எட்டு நாழி என்று வளர்ந்து, ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. எந்த அளவும் இரண்டு சேர்ந்தால் மேலே உள்ள அளவாகிவிடுவதால், ஒரே அளவை இரண்டு முறை சொல்லத் தேவையே வராது. ஒவ்வோர் அளவுக்கும் கேள்வி ஒன்றுதான்: உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். பத்து நாழியில் குறுணி உண்டு, நான்கு நாழி இல்லை, இரண்டு நாழி உண்டு, ஒற்றை நாழி இல்லை. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். பத்தின் இருநிலை வடிவம் இதுவே.

இப்போது வகுத்தலுக்கு வருவோம். பத்து நாழியை இரண்டிரண்டாகச் சேருங்கள். ஐந்து ஜோடி, ஒற்றை நாழி மிச்சமில்லை. முதல் மீதி பூஜ்யம். அந்த ஐந்து ஜோடியை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரு ஜோடி, அதாவது இருநாழி, தனியே நிற்கும். அடுத்த மீதி ஒன்று. முதலில் கிடைக்கும் மீதி மிகச் சிறிய அளவுக்கு உரியது, கடைசியில் கிடைப்பது மிகப் பெரிய அளவுக்கு உரியது. எண்ணை எழுதும்போது பெரியதை இடப்பக்கம் வைப்பது நம் வழக்கம். கீழிருந்து மேலாகப் படிப்பதன் காரணம் முழுவதும் இவ்வளவுதான்.

கூட்டலும் அந்தச் சாசனத்திலிருந்தே செய்யலாம். மூத்த மாணவர் ஒருவரின் பத்து நாழியோடு இளையவர் ஒருவரின் ஆறு நாழியைச் சேர்ப்போம். ஆறு என்பது நான்கும் இரண்டும். ஒற்றை நாழி இருவரிடமும் இல்லை: பூஜ்யம். இருநாழி இருவரிடமும் உண்டு. இரண்டும் சேர்ந்து நான்கு நாழியாகும், அந்த இடத்தில் பூஜ்யம், கையில் ஒன்று. நான்கின் இடத்தில் இளையவரின் ஒன்றும் கையிலுள்ள ஒன்றும் சேர்ந்து குறுணியாகும், மறுபடி பூஜ்யம், கையில் ஒன்று. அங்கே மூத்தவரின் குறுணி காத்திருக்கிறது. இரண்டு குறுணி ஒரு பதக்கு. விடை ஒன்றும் நான்கு பூஜ்யமும். பதினாறு.

கழித்தலில் பதக்கைக் குறுணியாகவும் குறுணியை நாழிகளாகவும் உடைத்துக் கடன் வாங்குவோம். கணினிக்கு அந்த வேலை இல்லை. பதினாறிலிருந்து ஆறைக் கழிக்க, ஆறை ஐந்து இடங்களில் எழுதி, ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி, அதோடு ஒன்றைக் கூட்டும். இதுதான் இரண்டின் நிரப்பி. அதைப் பதினாறோடு கூட்டி, ஐந்து இடத்துக்கு வெளியே போகும் ஒன்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது பத்து. கூட்டும் சுற்று ஒன்றே கழித்தலையும் பார்த்துக்கொள்கிறது.

பின்னங்களிலும் இதே இரட்டிப்பு, தலைகீழாக வரும். அரை, கால், அரைக்கால், வீசம். பெரியவர்கள் "முக்காலே மூணு வீசம்" என்பார்களே, அதை இருநிலையில் எழுதினால் புள்ளிக்குப் பின் நான்கு ஒன்றுகள். பதினாறு நிலை எண் முறையில் அந்த நான்கையும் ஒரே எழுத்தால் குறிக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சோழர் காலத்திலேயே கணினி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்தக் கல்வெட்டுக்கே மரியாதை ஆகாது. தூணிக்கு மேல் இந்த இரட்டிப்பு நின்றுவிடுகிறது. மூன்று தூணிதான் ஒரு கலம். ஒன்றையும் பூஜ்யத்தையும் மட்டும் வைத்து எண் எழுதிக் கூட்டும் முறையை ஜெர்மனியின் லைப்னிட்ஸ் 1703-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதை மின்சுவிட்சுகளால் செய்யலாம் என்று 1937-ல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் காட்டினார். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. ஆனால் இரண்டிரண்டாகச் சேர்த்து அளக்கும் பழக்கம் நம் களத்துமேட்டில் புழங்கியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையை அழைத்துப் போவது ஆசிரியரின் வேலை என்றால், இந்த வழியை விட்டுவிட்டு வெறும் சூத்திரத்தைக் கையில் கொடுப்பது நஷ்டம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை எண்ணாயிரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இளையவர் 270 பேருக்கு ஆறு நாழி வீதம், மூத்தவர் 70 பேருக்குக் குறுணி இருநாழி வீதம், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நெல் என்று அங்கேயே கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபத்து நான்கு கலம், ஒரு பதக்கு என்று விடை வர வேண்டும்.