மந்தமாகிய கணினியும் நமது கடமையும்

நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



 நாம் கணினிச் சாஸ்திரத்தில் பட்டம் பெற்றேம் அல்லேம். தறிக்கணக்கு எழுதி வளர்ந்த குடும்பத்தில் பிறந்தோம். ஆயினும் சென்ற கோடையில் நமது இல்லத்தில் நேர்ந்த ஒரு சம்பவமும், அதனால் நாம் கற்ற பாடமும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிரயோஜனமாகும் என்று கருதியே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக் கணினி இக்காலத்தில் ஆடம்பரப் பொருளன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் விசைத்தறி வைத்திருப்போர் ஜி.எஸ்.டி. கணக்கை அதன் வழியே தாக்கல் செய்கின்றனர். நாமக்கல்லில் லாரி வைத்திருப்போர் வண்டியின் வரி, இன்சூரன்சு, பர்மிட்டு முதலியவற்றை அதில் கவனிக்கின்றனர். இளம்பிள்ளையில் சேலைக்குப் புதிய டிசைன் வரைவோருக்கு அதுவே எழுதுகோல். நம் பிள்ளைகள் பொறியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் செய்வதும் அதனாலேயே. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், அதற்குமுன் கணினியைத் தொட்டும் அறியாத ஏழை இல்லங்களிலும் அது புகுந்தது. அவ்வாறு வந்தவற்றுள் பல இன்று பீரோவின் மேல் துணி போர்த்துக் கிடக்கின்றன. ஏன் என்று வினவினால், “ரொம்ப ஸ்லோ, ஒன்றுக்கும் உதவாது” என்று விடை வருகின்றது. மெய்யாகவே அவையெல்லாம் உதவாதனவா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் கேள்வி.

நமது இல்லத்து மடிக்கணினிக்கு வயது எட்டு. சென்ற கோடையில் அது விழித்தெழுவதற்கே கால் மணி நேரம் பிடித்தது. தம்பியின் மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப அமர்ந்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் நேரம் கடந்துவிட்டதென்று அத்தளம் அவளை வெளியேற்றிற்று. இவ்வாறு மும்முறை நிகழ்ந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாட்களே இருந்தன. பழுது பார்க்கும் கடையொன்றிற் காட்டினோம். கடைக்காரர் அதனைத் திறந்தும் பாராமல், “புதிதாக வாங்கிவிடுங்கள், தவணை உண்டு” என்றார். தம்பியின் மனைவி தன் கைவளையலை அடகு வைக்கக் கழற்றிவிட்டாள். அப்பொழுது அப்பெண், “பெரியப்பா, விண்ணப்பத்தை நாளைக்கு இ-சேவை மையத்தில் முடித்துவிடலாம். வாங்குவதற்கு முன், இது எதனால் மெதுவாகிறது என்று ஒரு தடவை பார்ப்போமே!” என்றாள். அவ்வொரு சொல்லே வளையலைக் காத்தது.

அன்பர்களே! மந்தம் என்பது நோயன்று, நோயின் குறி. காய்ச்சல் கண்டவர் அனைவருக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா? கணினியிலும் காரணம் இன்னதென அறிந்த பின்னரே பரிகாரம் தேடல் வேண்டும். அதற்குரிய முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, எதனைத் தொடுமுன்னும் உள்ளிருக்கும் பொருளைக் காத்தல் வேண்டும். கடைக் கணக்கு, பத்திரப் பிரதிகள், கலியாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை வேறொரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகலெடுத்து வைத்துக்கொள்க. மந்தமாதல் சில வேளை ஹார்டு டிஸ்கின் அந்திம காலத்து அறிகுறியாகவும் இருக்கும். உள்ளிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை கேட்குமாயின் அன்றைக்கே நகலெடுத்தல் வேண்டும். கணினி போனால் வேறு வாங்கலாம். தந்தையாரின் படம் போனால் எங்கே வாங்குவது?

இரண்டாவது, ரீஸ்டார்ட் செய்தல். “தினந்தோறும் அணைத்துத்தானே வைக்கின்றோம்” என்பீர்கள். விண்டோஸ் 8 முதல், அணைக்குங்கால் இயங்குதளத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அதனையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆதலின் ஷட் டவுன் என்பது முழு ஓய்வன்று. ரீஸ்டார்ட் என்பதே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது. பல நாள் மந்தம் இவ்வொன்றினாலேயே நீங்கக் கண்டிருக்கின்றோம்.

மூன்றாவது, நாடி பார்த்தல். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகம் தோன்றும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளின் கீழ் நூற்றுக்கு இத்தனை என்று கணக்குக் காட்டும. எது தொண்ணூறு, நூறு என்று நெடுநேரம் நிற்கின்றதோ, நோய் அவ்விடத்தில் என்று அறிக. அத்தலைப்பைத் தொட்டால், மிகுதியாக உண்ணும் மென்பொருள் எதுவென்பதும் மேலே வந்து நிற்கும். இவ்விரண்டு நிமிஷப் பரீட்சையைச் செய்யாமல் பணம் செலவழித்தல் பேதைமையாகும்.

மெமரி நிறைந்திருப்பின் அதன் பொருள் யாது? கடையில் வேலை செய்யும் மேசையையும், பின்னாலுள்ள கிடங்கையும் எண்ணிப் பாருங்கள். மெமரி, அதாவது ராம், மேசை, டிஸ்க், கிடங்கு. மேசை சிறியதாயின், ஒரு கட்டை வைப்பதற்கு மற்றொரு கட்டைக் கிடங்கிற்குத் தூக்கிப் போய் வருதல் வேண்டும். பணியாளுக்கு நடையே வேலையாகிவிடும். 2 ஜி.பி. மேசையுடன் வந்த பழங்கணினி, இன்றைய இணையப் பக்கங்களைத் தாங்க மாட்டாது தள்ளாடுவது இதனாலேயே. இருபது பக்கங்களைத் திறந்து வைக்காமல் வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு பரிகாரம். கணினி இடங்கொடுப்பின் ராமை 8 ஜி.பி. ஆக உயர்த்துவது மற்றொன்று.

டிஸ்க் நூற்றுக்கு நூறு என்று நிற்பதோ, பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில் நாம் அடிக்கடி காண்பது. மடிக்கணினி ஹார்டு டிஸ்கிற் பெரும்பாலானவை நிமிஷத்திற்கு 5,400 சுற்றுச் சுழலும் தட்டை உடையன. ஒவ்வொரு செய்தியையும் எடுக்க ஒரு சிறு கை அதன்மேல் இங்குமங்கும் ஓடல் வேண்டும். ஒரு தடவைக்கு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேலேயே ஆகும். எஸ்.எஸ்.டி. என்பதிலோ சுழலும் உறுப்பே இல்லை. அதே வேலை பதினாயிரத்தில் ஒரு பங்கு விநாடியளவில் முடிகின்றது. சிறு சிறு செய்திகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கும் கணினிக்கு இவ்வேற்றுமை மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் உள்ளதைப் போன்றது. டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் மந்தம் உண்டாகும். பத்தில் ஒரு பங்காவது வெற்றிடம் இருத்தல் நலம்.

நான்காவது, அழையா விருந்தாளிகள். நாம் வேண்டுமென்று கூறாமலே, கணினி விழிக்கும்பொழுது தாமும் எழுந்து உட்காரும் மென்பொருள்கள் பல. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் என்னும் பகுதியில் அவற்றின் பட்டியலைக் காணலாம். தேவையற்றவற்றை அங்கேயே நிறுத்தி வைத்தால், மென்பொருள் அழியாது. வீண் எழுச்சி மட்டும் நிற்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு மூன்றை ஒருங்கே வைத்தலும் தவறு. ஒரு வாயிலுக்கு இரண்டு காவற்காரர் நின்று ஒருவரையொருவர் சோதித்துக் கொண்டிருப்பது போல் ஆகும். விண்டோஸுடன் வரும் டிபெண்டர் ஒன்றே பெரும்பாலான இல்லங்களுக்குப் போதும்.

ஐந்தாவது, நம் ஊர்களுக்கே உரிய ஒரு காரணம். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி காற்றோடு கலந்திருக்கும். கோழிப் பண்ணை உள்ள இடத்தில் தீவனத் தூசி. இவை கணினியின் விசிறியிலும் அதனருகிலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளிலும் போர்வை போல் படியும். அதன்மேல் நமது சித்திரை வெயில்! உள்ளே வெப்பம் நூறு பாகையை நெருங்குங்கால், பிராசஸர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாயிருந்து உச்சிப் பொழுதில் தளர்வதும், விசிறி ஓயாது இரைவதும் இதன் குறிகள். மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, காற்றூதும் கருவியால் தூசியைப் போக்குக. மடிக்கணினியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து அதன் மூச்சை அடைக்காதீர்கள்.

ஆறாவது, ஓர் எச்சரிக்கை. கணினி மந்தமாகியிருக்கும் வேளையில், “உங்கள் கணினியில் வைரஸ் புகுந்தது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று திரையில் அறிவிப்புத் தோன்றும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதேயில்லை. பேசினால், கணினியைத் தூரத்திலிருந்தே கையில் எடுத்துக்கொண்டு வங்கிப் பணத்தைக் கவர்ந்து விடுவர். அகப்பட்டவர் வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் முறையிடல் வேண்டும். விரைந்து முறையிட்டால் பணத்தைத் தடுத்து நிறுத்தவும் கூடும்.

இனி, எந்தக் கணினியை விட்டுவிடுவது? மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜி.பி. ராமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், அந்நிறுவனம் ஒப்பிய பிராசஸரும் வேண்டும். இவையில்லாத கணினியைக் குப்பையிற் போடவேண்டுமென்பதில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை அதில் நிறுவலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்குவது. படிப்புக்கும் இணையத்திற்கும் அது போதியது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரர் இம்மாற்றத்தைச் செய்யுமுன் நன்கு விசாரித்தல் வேண்டும். மதர்போர்டு கெட்டதையும், பழுதுச் செலவு விலையிற் பாதியைத் தாண்டுவதையும் விட்டுவிடுதலே முறை.

நமது கணினியின் கதையை முடிப்போம். டிஸ்க் நூற்றுக்கு நூறு. விசிறியில் விரற்கடையளவு பஞ்சு. தூசியைப் போக்கி, எஸ்.எஸ்.டி. ஒன்று பொருத்தினோம். செலவு புதிய கணினியின் விலையில் பத்தில் ஒரு பங்களவே. கால் மணி நேரம் பிடித்தது இப்பொழுது ஒரு நிமிஷத்திற்குள் எழுகின்றது. அப்பெண் கல்லூரியில் அதையே கொண்டு படிக்கின்றாள். வளையல் தாயின் கையில் இருக்கின்றது.

சபையோர்களே! கல்வி உதவி கோரும் விண்ணப்பங்கள் நமது சங்கத்திற்கு ஆண்டுதோறும் வருகின்றன. கணினி வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்கும் ஏழை மாணவரும் அவற்றுள் உளர். அதே வேளையில் நம்மில் வசதியுள்ளோர் வீடுகளிற் பழங்கணினிகள் பீரோவின் மேல் உறங்குகின்றன. புதிய கணினி ஒன்றின் விலையில் அத்தகையன பலவற்றைச் செப்பஞ் செய்யலாம். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது சங்கக் கட்டடத்தில் மேசை நான்கு போட்டு, கற்ற இளைஞரும் யுவதிகளும் அமர்ந்து, கொண்டுவரும் கணினிகளைச் சோதித்து, வேண்டாதவற்றைப் பெற்றுச் சீர்செய்து, இல்லாத மாணவர்க்கு அளிக்கும் ஒரு பணியைத் தொடங்குமாறு பிரேரேபிக்கின்றோம். கொடுப்போர் தம் சொந்த விவரங்களை முற்றும் அழித்துவிட்டே கொடுத்தல் வேண்டும். அம்மேசைக்கு நம்மவர் மட்டுமன்றி, அக்கம்பக்கத்தார் எவர் வரினும் மறுத்தலாகாது.

பெண்மக்களை இப்பணியில் முன்னிறுத்த வேண்டுமென்பது நமது விசேஷ விண்ணப்பம். நமது இல்லத்தில் ஆண்கள் அனைவரும் கடைக்காரர் சொல்லை நம்பினோம். காரணம் என்னவென்று கேட்டவள் ஒரு பெண்ணே. அக்கேள்வியை நம் வீடுதோறும் பிள்ளைகள் கேட்கப் பழகுவரேல், அதனினும் பெரிய அபிவிருத்தி நமக்கு வேறில்லை.