பேறுகாலமும் பெண்ணின் தேர்வும்



தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால், மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறது. பேறுகாலத்தை எங்கே வைத்துக்கொள்வது? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடோ நெடுந்தூரத்தில் இருக்கிறது. இவ்வேளையில் பாட்டியர் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "நாங்களெல்லாம் வீட்டிலேதான் பெற்றோம், மருத்துவச்சிதான் வந்து பார்த்தாள்" என்பார்கள். அது உண்மை, ஆயினும் முழு உண்மை அன்று. பெற்றுப் பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். பிழைக்காதவர்கள் சொல்ல வருவதில்லை.

இந்தியாவில் 2005–06இல் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 39 மட்டுமே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019–21இல் அந்த எண்ணிக்கை 89 ஆக உயர்ந்தது. இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது மாண்ட தாய்மாரின் தொகை, 2014–16இல் 130 ஆக இருந்து, 2018–20இல் 97 ஆகக் குறைந்தது. வீட்டைவிட்டு மருத்துவமனைக்குச் சென்றதால் நாம் பெற்ற நன்மை சிறிதன்று. அவ்வாறு சென்றபோது நாம் இழந்தது எதுவும் உண்டா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

வடநாட்டுச் சிற்றூர்களில் மருத்துவச்சியைத் 'தாயி' என்று அழைப்பர். பல இடங்களில் அவள் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவள். தொப்புள்கொடி அறுப்பதைத் தீட்டு என்று கருதிய சமூகம், அவ்வேலையை அவள் தலையில் சுமத்தியது. பிள்ளை பிறக்கும் வரையில் அவளை எதிர்பார்த்துக் காத்திருந்த வீடு, பிறந்த பின்னர் அவளை எட்ட நிறுத்தியது. ஏட்டில் எழுதப்படாத அறிவு அவளுடையது. வயிற்றைத் தடவிக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று உணர்வாள். வலி கண்டவளை நடக்கச் சொல்வாள், குந்தச் செய்வாள், முதுகை எண்ணெய் தடவி நீவுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் இருப்பாள், அவசரப்படமாட்டாள்.

இவற்றுள் பலவற்றை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. பிரசவத்தின்போது பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், விரும்பியவாறு நடக்கலாம், நிமிர்ந்த நிலையில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தொப்புள்கொடியை உடனே அறுக்காமல் ஒரு நிமிடமேனும் பொறுத்தால், குழந்தைக்குக் கூடுதலாக இரத்தமும் இரும்புச்சத்தும் கிடைக்கும். நச்சுக்கொடி வெளிவரும் வரையில் கொடியறுக்காமல் காத்திருந்த தாயிமார்களின் வழக்கம் இங்கே நினைவிற்கு வருகிறது.

ஆனால் பழையது என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. குழந்தை அழாவிட்டால், கொடியோடு இணைந்திருக்கும் நச்சுக்கொடியைச் சூடேற்றி உயிரூட்ட முயல்வது சில பகுதிகளின் வழக்கம். மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடமே பொன்னானது. துடைத்து, வெதுவெதுப்பாக வைத்து, தேவையானால் மூச்சுப்பையால் காற்றுச் செலுத்த வேண்டும். வேறெதற்கும் அங்கே நேரமில்லை. வயிற்றை மேலிருந்து அழுத்துவது தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. வலி கூடுவதற்காக வீட்டிலேயே ஊசி போடுவது அதனினும் கொடிது, கருப்பை கிழிந்துவிடலாம். அறுத்த கொடியில் சாம்பலும் சாணமும் தடவியதால் இரணஜன்னி கண்டு மடிந்த சிசுக்கள் ஏராளம். தாய்க்குத் தடுப்பூசி, தூய கை, தூய பிளேடு, தூய நூல் ஆகிய எளிய காரியங்களின் பயனாகவே, அந்நோய் ஒழிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் 2015இல் இந்தியா இடம்பெற்றது.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது பேற்றுக்குப் பின் நிகழும் இரத்தப்போக்கு. அது யாருக்கு வரும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது. நல்ல உடல்நலம் உள்ளவளையும் சில மணி நேரத்தில் அது கொண்டுபோய்விடும். 2018இல் திருப்பூரில், இணையத்தில் கண்ட படங்களை நம்பி வீட்டிலேயே பிள்ளை பெற்ற இளந்தாய் ஒருவர் இவ்வாறே இறந்தார். படம் வழி சொல்லும். பெருகும் இரத்தத்தை அது நிறுத்தாது.

மருத்துவமனைகளிலும் குறை உண்டு. கடுஞ்சொல், உறவினரை வெளியே நிறுத்துதல், வலியோடு மல்லாந்தே கிடக்கச் செய்தல் முதலியவற்றை நம் பெண்கள் அறிவார்கள். 2019–21இல் தனியார் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்களில் நூற்றுக்கு 47 அறுவைச் சிகிச்சை வழியாகவே நிகழ்ந்தன. அத்தனையும் தேவையானவை என்று நம்புவது கடினம். செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி தந்து, இயல்பான பேற்றை அவர்களே முன்னின்று நடத்தும் ஏற்பாட்டிற்கு மத்திய அரசு 2018இல் நெறிமுறை வகுத்ததற்கு இக்குறைகளும் காரணமாகும்.

இந்நிலையில் பெண்ணின் தேர்வு என்பது யாது? அறியாமல் எடுத்த முடிவைத் தேர்வு என்று சொல்வதற்கில்லை. இரத்தக்கொதிப்பு, இரத்தசோகை, இரட்டைக் கரு, முன்பு நடந்த அறுவை, குழந்தை குறுக்கே கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் வீட்டை எண்ணவே கூடாது. இவை இல்லாதவளும், பயிற்சி பெற்ற கை அருகில் இருக்கிறதா, நள்ளிரவில் வண்டி கிடைக்குமா, இரத்தம் ஏற்றும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்டறிய வேண்டும். விடை திருப்தியாக இல்லையேல், மருத்துவமனையே தக்க இடம். அங்கே சென்றும் கேட்கலாம்: துணைக்கு ஒருவரை அனுமதிப்பீர்களா? நடமாட விடுவீர்களா? அறுவை எனில் எக்காரணத்தால்? இவற்றைக் கேட்பது அடக்கமின்மை அன்று, உரிமை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் ஒன்று வேண்டும். ஊருக்குச் செல்வதாயின் ஏழாம் மாதத்திற்குள் முடிவு செய்து, பரிசோதனைக் குறிப்புகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். இங்கேயே தங்குவதாயின், இரு மொழியும் அறிந்த ஒருவரைத் துணைக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள். இந்தி வழங்கும் ஊரில் இருப்பவர்கள், வலிக்குத் 'தர்த்', இரத்தத்திற்குக் 'கூன்', தலைசுற்றலுக்குச் 'சக்கர்' என்னும் மூன்று சொற்களையேனும் கர்ப்பிணிக்குக் கற்பித்துவையுங்கள். வேதனையைச் சொல்லத் தெரியாமையால் ஓர் உயிர் போகலாகாது.

மருத்துவச்சியின் பொறுமையும் மருத்துவமனையின் ஆற்றலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே கேட்டுப் பெறும் துணிவை நம் வீட்டுப் பெண்களுக்குத் தருவோமாக.